மறைவளி ஏழு: நூற்பாவும் உரையும்

உரைப்பாயிரம்

இந்நூல் என் நுதலிற்றோ எனின், விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் வாயுவில் நெடுங்காலம் கணக்கில் சேராமல் இருந்த ஒரு பங்கைச் சொல்ல எழுந்தது. அந்த வாயு ஹைட்ரஜன் மூலக்கூறு. பேரண்டத்தில் மிக மலிந்த மூலக்கூறு. நம் சூரியனைச் சுற்றியுள்ள மேகங்களிலேயே அது நிறைய இருக்கிறது. இருந்தும் வானியலாளர் வரைந்த படங்களில் அதன் ஒரு பங்கு இடம்பெறவில்லை. காரணம், மூலக்கூறு வாயுவைத் தேட அவர்கள் நம்பியிருந்த ஒரே அடையாளம் அந்த இடங்களில் அழிந்துபோயிருந்தது.

நூற்பாக்கள் பழைய நூல் எதிலிருந்தும் எடுத்தவை அல்ல. தென்னேரிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வான் பார்க்க வரும்போது மனத்தில் தங்கட்டும் என்று நானே கட்டியவை. நூற்பா சுருங்கச் சொல்லும். ஏன், எப்படி என்று கேட்பவருக்கு உரை வேண்டும். ஆய்வாளர் இருள் வளி என்பதையே இங்கே மறைவளி என்றேன். இருள் என்ற பெயரைக் கேட்டதும் மாயமாக எதையோ கற்பனை செய்யாமல், ஒரு கழித்தல் கணக்கில் மிஞ்சிய தொகையைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து மனிதர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். அதற்காகவே இந்த உரை.

நூற்பா 1

மீனிடை வெளியும் வெறுவெளி யன்றே;
நீரகம் அதனுள் நிறைந்தது பெரிதே.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெறும் வெளி அன்று. அதில் பெரும்பான்மையாக நிறைந்திருப்பது ஹைட்ரஜன் என்றவாறு.

வைகாசி நடு இரவில் தென்னேரி ஏரிக்கரையிலிருந்து தெற்கே பார்த்தால் சுமார் 50 பாகை உயரத்தில் கேட்டை சிவந்து நிற்கும். அதற்குக் கிழக்கே பால்வீதி எழும். நிலவில்லாத நாளாகவும், சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலை விளக்குகளின் வெளிச்சம் பரவாத இரவாகவும் அமைந்தால், அந்த வெண்பட்டையின் நடுவே கருந்திட்டுகள் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் அப்படிப்பட்ட ஒரு திட்டை வானத்தில் விழுந்த ஓட்டை என்றே எண்ணினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் பர்னார்ட் எடுத்த ஒளிப்படங்கள் அந்த எண்ணத்தை அசைத்தன. பின்னாலுள்ள விண்மீன்களை மறைக்கும் தூசி மேகங்களே அவை.

தூசி இருக்கும் இடத்தில் வாயு இருக்கும். எடையில் தூசி ஒரு பங்கு என்றால் வாயு ஏறத்தாழ நூறு பங்கு. அந்த வாயுவின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஹைட்ரஜன். மிச்சத்தில் பெரும்பகுதி ஹீலியம். கார்பன், ஆக்சிஜன் முதலான எல்லாத் தனிமங்களும் சேர்ந்து ஓரிரு விழுக்காடுதான்.

‘நிறைந்தது’ என்பதை நம் காற்றின் அளவில் எண்ணிவிடக் கூடாது. பால்வீதியின் தட்டில் சராசரியாக ஒரு கன செ.மீ.க்கு ஓர் அணு. மூலக்கூறு மேகம் என்று சொல்லப்படும் அடர்ந்த இடத்திலும் சில நூறு முதல் சில ஆயிரம் வரைதான். ஆயினும் மேகங்கள் பல ஒளியாண்டு அகலம் பரந்தவை. ஆகவே மொத்தத்தில் சூரியனைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு எடை சேர்ந்துவிடுகிறது. புதிய விண்மீன்கள் பிறப்பது இந்த வாயுவிலிருந்துதான். ஆகவே அதை எடைபோடுவது அவசியம்.

நூற்பா 2

தனித்த அணுவோ தானே பேசும்;
இணைந்த அணுவோ இருளில் ஒடுங்குமே.

தனி ஹைட்ரஜன் அணு தன் இருப்பைத் தானே வானொலி அலையில் அறிவிக்கும். இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாகிவிட்டால், குளிர்ந்த மேகத்தில் அது எதையும் அறிவிக்காது என்றவாறு.

தனி அணு 21 செ.மீ. அலைநீளத்தில், அதாவது 1420 மெகாஹெர்ட்ஸில், ஓர் அலையை வெளியிடும் என்று நெதர்லாந்தின் வான் டி ஹுல்ஸ்ட் 1944-இல் கணித்தார். 1951 மார்ச் 25 அன்று ஹார்வர்டில் ஹரால்ட் இயூவனும் எட்வர்ட் பர்செலும் அதைக் கேட்டார்கள். அன்று முதல் அணு நிலை ஹைட்ரஜனுக்கு முழு வானப் படம் வரைவது இயலும் காரியமாயிற்று.

மூலக்கூறு ஏன் ஒடுங்குகிறது? சுழலும் மூலக்கூறு வானொலியில் ஒலிக்க வேண்டுமானால், அதன் ஒரு முனையில் நேர்மின் சாய்வும் மறு முனையில் எதிர்மின் சாய்வும் வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறில் இரு முனையும் ஒரே அணு. சாய்வு எதுவும் இல்லை. ஆகவே எளிதில் நிகழும் கதிர்வீச்சு அதற்கு மறுக்கப்பட்டிருக்கிறது. அரிதாக நிகழக்கூடிய முதல் கதிர்வீச்சு 28 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் உள்ளது. அந்த நிலைக்கு ஏற 510 கெல்வினுக்கு ஒத்த ஆற்றல் வேண்டும். மேகத்தின் உட்பகுதியோ 10 முதல் 20 கெல்வின் குளிரில் கிடக்கிறது. ஏற வழியில்லை, ஏறாததால் இறங்கி ஒளி விடவும் வழியில்லை.

அற்றேல், அந்த மூலக்கூறு விண்வெளியில் உண்டு என்று எப்படி அறிந்தார் எனின், புற ஊதாக் கதிரில் அறிந்தார். பின்னால் ஒரு பிரகாசமான விண்மீன் இருந்தால் அதன் புற ஊதாக் கதிரில் சில குறிப்பிட்ட நிறங்களை இம்மூலக்கூறு விழுங்கும். புற ஊதாவை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். ஜார்ஜ் கரூதர்ஸ் தாமே வடிவமைத்த கருவியை 1970-இல் ஒரு சிறு ராக்கெட்டில் அனுப்பி, பெர்சியஸ் மண்டலத்தின் ஒரு விண்மீனை நோக்கி அதைப் பதிவு செய்தார். விண்வெளியில் ஹைட்ரஜன் மூலக்கூறைக் கண்ட முதல் சான்று அதுவே. 1972-இல் ஏவப்பட்ட கோப்பர்நிகஸ் செயற்கைக்கோள் மேலும் பல விண்மீன்களை நோக்கி அளந்தது. எனினும் இந்த வழியில் ஒவ்வொரு விண்மீனுக்கும் நேரான ஒரு கோடுதான் கிடைக்கும். மேகத்தின் முழுப் பரப்பு கிடைக்காது. அடர்ந்த மேகத்துக்குப் பின்னால் இருக்கும் விண்மீனின் புற ஊதா நம்மை வந்து சேர்வதே இல்லை.

நூற்பா 3

கரிவளி ஒளியே காட்டிய இடமே
இணையணு வாழும் இடமெனல் மரபே.

கரிவளி என்றது கார்பன் மோனாக்சைடை. இணையணு என்றது ஹைட்ரஜன் மூலக்கூறை. கார்பன் மோனாக்சைடின் ஒளி எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்கிறது என்று கொள்வது வழக்கமாயிற்று என்றவாறு.

1970-இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்த 36 அடித் தொலைநோக்கியை ஓரியன் நெபுலாவின் பக்கம் திருப்பி, 2.6 மில்லிமீட்டர் அலையில் இம்மூலக்கூறைக் கண்டார்கள். இதன் இரு முனைகளும் வேறு வேறு அணுக்கள். ஆகவே மின்சாய்வு உண்டு. முதல் படிக்கு ஏற 5.5 கெல்வினே போதும். கடுங்குளிர் மேகத்திலும் ஒளிரும்.

ஹைட்ரஜன் மூலக்கூறு பத்தாயிரம் இருந்தால் கார்பன் மோனாக்சைடு ஒன்றுதான் இருக்கும். காஞ்சிப் பட்டில் தூரத்திலிருந்து கண்ணைப் பறிப்பது சரிகை. புடவையின் எடையில் பெரும்பங்கு பட்டு நூல். சரிகையின் மினுக்கை வைத்துப் பட்டின் எடையைச் சொல்வதுபோல, கரிவளியின் ஒளியை ஒரு மாற்றெண்ணால் பெருக்கி ஹைட்ரஜனின் எடையைச் சொன்னார்கள். பால்வீதிக்கு அந்த மாற்றெண், ஒளியின் ஓர் அலகுக்கு ஒரு சதுர செ.மீ. நிரலில் 2-ஐத் தொடர்ந்து 20 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையிலான மூலக்கூறுகள். ஆல்பெர்ட்டோ பொலாட்டோவும் உடன் ஆய்வாளரும் 2013-இல் எழுதிய தொகுப்பாய்வு அந்த எண்ணையே சுமார் 30 விழுக்காடு ஐயத்தோடு ஏற்கச் சொல்கிறது. சரிகை படாத உடல் பகுதியிலும் பட்டு இருக்கும். இந்த முறைக்கு அது தெரியாது.

முறையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. 1.2 மீட்டர் விட்டமே கொண்ட இரு சிறு தொலைநோக்கிகளால், ஒன்று அமெரிக்காவிலும் மற்றொன்று சிலியிலுமாக, பாட்ரிக் தாடியஸ் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்துப் பால்வீதி முழுவதற்கும் கரிவளிப் படம் வரைந்தார்கள். தொகுப்பு 2001-இல் வெளியானது. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையம் 10.4 மீட்டர் மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி ஒன்றைக் கட்டி இயக்கியது. மூலக்கூறு மேகங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த அலையால் வந்தது. அது காட்டிய இடங்கள் உண்மை. காட்டாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று கொண்டதுதான் குறை.

நூற்பா 4

புறவொளி தாக்கக் கரிவளி பொடிபடும்;
தன்னிழல் தாங்க இணையணு தங்குமே.

மேகத்தின் வெளிப்புறத்தில் விண்மீன்களின் புற ஊதாக் கதிர் தாக்கும்போது கார்பன் மோனாக்சைடு சிதைந்துவிடும். ஹைட்ரஜன் மூலக்கூறோ தன் கூட்டத்தின் நிழலிலேயே தப்பி நிற்கும் என்றவாறு. ஏழிலும் இதுவே நடுநாயகம். மறைவு எங்கே உண்டாகிறது என்பதை இதுதான் சொல்கிறது.

முதலில் மூலக்கூறு உண்டாகும் வகை. வெற்று வெளியில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் மோதினால் சேர்ந்துகொள்ளா. சேர்க்கையில் வெளிப்படும் 4.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைக் கழிக்க வழியின்றி மீண்டும் பிரிந்துவிடும். தூசித் துகளின் மேல் ஒட்டிக்கொண்ட அணுக்கள் அங்கே சந்தித்தால், மிகுதி ஆற்றலைத் துகள் வாங்கிக்கொள்ளும். ஆகவே பேரண்டத்தின் எளிய மூலக்கூறு பிறக்கத் தூசி வேண்டியிருக்கிறது.

அடுத்து அழியும் வகை. இம்மூலக்கூறை உடைக்கும் கதிர்கள் 91 முதல் 110 நானோமீட்டர் வரையான புற ஊதாவில், குறிப்பிட்ட சில நிறங்களாக உள்ளன. மேகத்தின் மேல்தோலில் இருக்கும் மூலக்கூறுகள் அந்த நிறங்களை விழுங்கி உடைகின்றன. அவை விழுங்கிவிட்டதால் உள்ளே இருப்பவற்றுக்கு அந்த நிறங்கள் வந்து சேர்வதில்லை. ஹைட்ரஜன் ஏராளமாக இருப்பதால் மெல்லிய தோலே போதுமான காப்பாகிவிடுகிறது. ‘தன்னிழல்’ என்றது இதனை.

கார்பன் மோனாக்சைடும் இதே வகையில்தான் உடைகிறது. ஆனால் பத்தாயிரத்தில் ஒன்றாக இருப்பதால் அதன் சொந்த நிழல் மெலிது. தூசியின் நிழலும் ஹைட்ரஜனின் நிழலும் சேர்ந்து விழும் ஆழத்தில்தான் அது பிழைக்கும்.

இதனால் மேகம் அடுக்கடுக்காக அமைகிறது. வெளியே தனி அணு ஹைட்ரஜன். அதற்குள் ஹைட்ரஜன் மூலக்கூறாகிவிட்ட அடுக்கு. ஆனால் அங்கே கார்பன், ஆக்சிஜனோடு சேராமல், எலக்ட்ரான் ஒன்றை இழந்த அயனியாக நிற்கும். அதற்கும் உள்ளே கார்பன் நடுநிலை அணுவாக மாறும் மெல்லிய பகுதி. நடுக்கருவில்தான் கார்பன் மோனாக்சைடு. இரண்டாம் அடுக்கை இந்தப் படத்தில் நன்றாகப் பார்க்க வேண்டும். 21 செ.மீ. அலை அதைக் காட்டாது. அங்கே தனி அணு மிகக் குறைவு. 2.6 மில்லிமீட்டர் அலையும் காட்டாது. அங்கே கரிவளி இல்லை. இரண்டு படங்களையும் ஒன்றாக வைத்தாலும் நடுவில் ஓர் அடுக்கு விடுபட்டிருக்கும். மறைவளி அந்த அடுக்குதான்.

ஏவினே வான் டிஷோக், ஜான் பிளாக் இருவரும் 1988-இல் இந்த வேதியியலை விரிவாகக் கணக்கிட்டார்கள். மார்க் வுல்ஃபயர், டேவிட் ஹாலன்பாக், கிறிஸ்டோபர் மெக்கீ மூவரும் 2010-இல் செய்த கணக்கில், பால்வீதியின் பெரிய மேகங்களில் மூலக்கூறு எடையில் சுமார் 30 விழுக்காடு இவ்வாறு மறைந்திருக்க வேண்டும் என்று வந்தது.

நூற்பா 5

தூசியும் கதிரும் தொகுத்த நிறையுள்
பேசிய வளிகள் போகநின் றதுவே
மறைவளி என்ப மதித்தறிந் தோரே.

கதிர் என்றது காமாக் கதிரை. பேசிய வளிகள் என்றது 21 செ.மீ. அலையில் தெரிந்த அணு ஹைட்ரஜனையும், 2.6 மில்லிமீட்டர் அலையில் தெரிந்த கரிவளியால் கணக்கிட்ட மூலக்கூறையும். தூசியும் காமாக் கதிரும் காட்டும் மொத்த எடையிலிருந்து அவ்விரண்டையும் கழித்த பின் மிஞ்சுவதே மறைவளி என்று அளந்தறிந்தோர் சொல்வர் என்றவாறு.

தூசியும் காமாவும் என்ன செய்கின்றன எனின், ஹைட்ரஜன் எந்த நிலையில் இருந்தாலும் பாரபட்சமின்றி எண்ணுகின்றன. தூசி வாயுவோடு கலந்தே கிடப்பதால், தூசியின் வெப்ப ஒளியை அகச்சிவப்பில் அளந்தால் மொத்த வாயுவை மதிப்பிடலாம். ஐராஸ் செயற்கைக்கோள் 1983-இல் அத்தகைய படத்தைத் தந்தது. அதை வைத்து வில்லியம் ரீச், போன்-சுல் கூ, கார்ல் ஹைல்ஸ் ஆகியோர் 1994-இல் சில மேகங்களில் தூசி சொல்லும் அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையை மிஞ்சுவதைக் காட்டினார்கள்.

காமாக் கதிரின் வழி இன்னும் நேரானது. அண்டக்கதிர் எனும் வேகமான புரோட்டான்கள் பால்வீதி எங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேகத்தில் ஒரு ஹைட்ரஜன் அணுக்கருவில் மோதினால் பையான் துகள்கள் பிறக்கும். மின்சுமையற்ற பையான் உடனே இரண்டு காமாக் கதிர்களாகச் சிதையும். மோதல் அணுக்கருவோடு நடப்பதால், அந்த அணு தனித்திருக்கிறதா இணைந்திருக்கிறதா என்பது இங்கே பொருட்டில்லை. இதே வகை மோதல் நம் தலைக்கு மேல் வளிமண்டலத்திலும் ஓயாமல் நடக்கிறது. அங்கே மின்சுமையுள்ள பையான்கள் சிதைந்து தரும் மியூவான்களை ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கியால் எண்ணிவருகிறது. நீலகிரிக்கு மேல் நிகழ்வதும், ரோகிணிக்குப் பக்கத்தில் சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மேகத்தில் நிகழ்வதும் ஒரே இயற்பியல்.

1991 முதல் 2000 வரை பூமியைச் சுற்றிய காம்ப்டன் ஆய்வகத்தின் எக்ரெட் கருவி காமா வானத்தைப் பதிவு செய்தது. பிரான்சின் இசபெல் கிரெனியே, ழான்-மார்க் கசந்தியான், ரெஜிஸ் தெரியே மூவரும் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டார்கள். அணு ஹைட்ரஜனின் படம் ஒன்று, கரிவளியின் படம் ஒன்று. இரண்டுக்கும் தக்க எடை கொடுத்துக் கூட்டிக் காமாப் படத்தோடு பொருத்தினார்கள். பொருந்தாமல் காமா மிஞ்சியது. மிச்சம் வானமெங்கும் சிதறிக் கிடந்திருந்தால் கருவியின் பிழை என்று விட்டிருக்கலாம். அது கரிவளி மேகங்களைச் சுற்றி விளிம்பு விளிம்பாக, அணு வாயுவுக்கும் கரிவளிக்கும் இடையே பாலம் போட்டதுபோல் கிடந்தது. தூசிப் படத்திலும் இதே கழித்தலைச் செய்தார்கள். மிச்சம் அதே இடங்களில் நின்றது. தூசியின் வெப்ப ஒளிக்கும் அணுக்கரு மோதலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இரண்டு சாட்சிகளும் தனித்தனியே ஒரே இடத்தைச் சுட்டின. 2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான அக்கட்டுரை, சூரியனின் சுற்றுப்புறத்தில் மறைவளியின் எடை கரிவளி காட்டும் மூலக்கூறு எடைக்கு ஈடானது என்றது.

2008-இல் ஏவிய ஃபெர்மி தொலைநோக்கி இன்னும் கூர்மையாக இதை உறுதிப்படுத்தியது. தூசியின் பக்கத்தில் பிளாங்க் செயற்கைக்கோளின் 2011 முடிவு, சூரியச் சுற்றுப்புறத்தில் மறைவளி அணு வாயுவின் எடையில் 28 விழுக்காடு, கரிவளி காட்டும் வாயுவின் எடையில் 118 விழுக்காடு என்று கணக்கிட்டது.

தடை: மிஞ்சியது மூலக்கூறு என்று எப்படிச் சொல்லலாம்? அணு ஹைட்ரஜனே மிக அடர்ந்து, தன் அலையைத் தானே விழுங்கிக்கொண்டு, உள்ளதைக் குறைத்துக் காட்டலாமே? ஜப்பானின் யசுவோ ஃபுகுயி குழுவினர் இந்தத் தடையை வலுவாக எழுப்பினார்கள். அது சொத்தையான தடையன்று.

விடை: பின்னணியிலுள்ள வானொலி மூலங்களின் ஒளியை அணு ஹைட்ரஜன் எவ்வளவு விழுங்குகிறது என்று நேரே அளந்தால், அதன் உண்மை அடர்த்தி தெரியும். அப்படிச் செய்த அளவைகள், இந்தத் திருத்தம் உண்டு, ஆனால் மறைவளி முழுவதையும் விளக்கும் அளவுக்கு அது பெரிதன்று என்றே காட்டின. தூசித் துகள்கள் அடர்ந்த மேகத்தில் ஒட்டிப் பெருத்து, கூடுதலாக ஒளிர்வதும் உண்டு. அதையும் கழிக்க வேண்டும். காமாக் கதிரைத் துணைக்கு வைத்துக்கொள்வதே அந்தத் திருத்தத்துக்கு வழி. ஆகவே மிச்சத்தின் பெரும்பங்கு மூலக்கூறு, ஒரு சிறுபங்கு அடர்ந்த அணு வாயு என்று கொள்க.

நூற்பா 6

மின்னணு இழந்த கரியும் மெலிதாய்ச்
செந்நிறம் கடந்து சேதி சொல்லுமே.

மின்னணு என்றது எலக்ட்ரானை. எலக்ட்ரான் ஒன்றை இழந்த கார்பன், சிவப்புக்கு அப்பாலுள்ள தொலை அகச்சிவப்பில் மெல்லிய ஒளி விட்டு மறைவளியின் சேதியைச் சொல்லும் என்றவாறு. உம்மை, தூசியும் கதிருமன்றி இதுவும் எனப் பொருள்பட நின்றது.

முந்தைய நூற்பாவின் வழியில் எடை கிடைக்கும், வேகம் கிடைக்காது. ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் மேகங்களைப் பிரிக்க, எந்த வாயு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் ஒரு நிறக்கோடு வேண்டும். நான்காம் நூற்பாவில் சொன்ன இரண்டாம் அடுக்கில் கார்பன் அயனியாக நிற்கிறது. ஹைட்ரஜனை அயனியாக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், கார்பனுக்கு 11.26 போதும். ஆகவே ஹைட்ரஜனைத் தொடாத கதிரும் கார்பனின் எலக்ட்ரானைக் கவர்ந்துவிடும். அந்த அயனி 158 மைக்ரோமீட்டரில் ஒளிரும். அதற்குத் தேவையான ஆற்றல் 91 கெல்வினுக்கு ஒத்தது. இந்த அடுக்கின் வெப்பம் அதற்குச் சற்றே குறைவு என்பதால் ஒளி மெலிது, ஆனால் உண்டு.

158 மைக்ரோமீட்டர் ஒளியைக் காற்றிலுள்ள நீராவி குடித்துவிடும். ஏரிக்கரையிலிருந்தோ மலையுச்சியிலிருந்தோ பார்க்க முடியாது. இங்கே நம் நாட்டின் முயற்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 100 செ.மீ. விட்டமுள்ள தொலை அகச்சிவப்புத் தொலைநோக்கியை ஹைதராபாத் பலூன் தளத்திலிருந்து ராட்சத பலூனில் கட்டி, சுமார் 30 கி.மீ. உயரத்துக்கு அனுப்பிவந்தார்கள். நீராவி பெரும்பாலும் அதற்குக் கீழேயே நின்றுவிடும். 1999 முதல் ஜப்பானியர் செய்த நிறமாலைமானி ஒன்றை அதில் பொருத்தி, இதே 158 மைக்ரோமீட்டர் கோட்டில் ஓரியன் முதலான விண்மீன் பிறப்பிடங்களைப் படமெடுத்தார்கள். ஓரியன் படத்தைப் பற்றிய கட்டுரை பாஸ்வதி முகர்ஜியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2003-இல் வந்தது. பலூன் ஏறும் இரவில் காற்றின் போக்கு சரியாக அமைய வேண்டும். சில மணி நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும். பின்னர் பாராசூட்டில் இறங்கும் கருவியைத் தேடி மீட்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு ஒரு மேகத்தின் படம் கிடைக்கும்.

2009-இல் ஏவிய ஹெர்ஷல் விண்வெளி ஆய்வகத்தால் இந்தக் கோட்டைப் பால்வீதித் தளம் முழுவதிலும், நூற்றுக்கணக்கான திசைகளில், வேகம் பிரித்து அளக்க முடிந்தது. அந்தத் திட்டத்தை வில்லியம் லேங்கர் தலைமையேற்று நடத்தினார். அதில் முக்கியப் பங்காற்றியவர்களில் ஒருவர் டி. வேலுசாமி. ஊட்டியின் வானொலித் தொலைநோக்கிக் குழுவில் பணியாற்றிவிட்டு அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்குச் சென்றவர். 2010-இல் அவரை முதல் ஆசிரியராகக் கொண்டு வந்த கட்டுரை, கரிவளி இன்னும் முழுமையாக உருவாகாத இடைநிலை மேகங்களில், கார்பன் அயனி ஒளிரும் மூலக்கூறு அடுக்கு இருப்பதைக் காட்டியது. நான்காம் நூற்பாவின் இரண்டாம் அடுக்கு இவ்வாறு நேரே அளவையில் அகப்பட்டது. 2013-இல் ஹோர்ஹே பினெடாவும் இக்குழுவினரும் வெளியிட்ட முடிவில், பால்வீதியின் மூலக்கூறு எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு மறைவளி. வுல்ஃபயர் குழுவின் கணக்கும் இந்த அளவையும் ஒத்துப்போயின.

அதே கார்பன் அயனி நீலகிரியிலும் வேறொரு குரலில் கேட்டிருக்கிறது. ஊட்டி முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி, 327 மெகாஹெர்ட்ஸ் அலையை வாங்குவது. அயனி ஓர் எலக்ட்ரானைத் திரும்பப் பிடிக்கும்போது அந்த எலக்ட்ரான் 270-ஐ ஒட்டிய படிகள் வழியே இறங்குகையில் இந்த அலை எழும். அந்த நிலையிலுள்ள ஓர் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர். நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் அகலம். பூமியில் அவ்வளவு பருத்த அணு பக்கத்திலுள்ளவற்றோடு மோதி உடனே குலைந்துவிடும். விண்வெளியின் வெறுமையில் நிற்கிறது. அனிஷ் ரோஷி, நிமிஷா கந்தாரியா, கே.ஆர். அனந்தராமையா மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பால்வீதியின் உட்பகுதியில் இக்கோடுகள் பரந்து கிடப்பதை இத்தொலைநோக்கியால் காட்டியது.

நூற்பா 7

இருட்பொருள் வேறே; இவ்வளி வேறே;
பொருளிற் புதிதிலை, புலனே புதிதே.

பேரண்டவியலில் பேசப்படும் இருட்பொருள் வேறு. இங்கே சொன்ன மறைவளி வேறு. மறைவளி புதிய பொருள் அன்று. அதைக் காணும் வழிதான் புதிது என்றவாறு.

பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்விக்கு விடையாக இது கடைசியில் வைக்கப்பட்டது. இருட்பொருள் என்பது அணுக்களால் ஆனதன்று. சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பேரண்டத்தில் உள்ளது. இன்னதென்று இதுவரை யாருக்கும் தெரியாது. மறைவளி என்ன என்று நமக்கு நன்றாகத் தெரியும். அது நீரில் உள்ள அதே ஹைட்ரஜன். இதைக் கண்டதால் இருட்பொருளின் தேவை தீர்ந்துவிடவில்லை. எடையில் இது அதன் அருகில்கூட வராது.

அற்றேல் இதனாற் பயன் என்னை எனின், விண்மீன் பிறப்பின் வரவு செலவு இதில் இருக்கிறது. ஒரு விண்மீன் மண்டலம் தன் வாயுவை எவ்வளவு வேகமாக விண்மீன்களாக மாற்றுகிறது என்று அறிய, முதலில் வாயு எவ்வளவு என்று தெரிய வேண்டும். மறைவளியை விட்டுவிட்டால் குறைந்த வாயுவில் மிகுந்த விண்மீன் பிறப்பதாகத் தவறாக எண்ணுவோம். பினெடா குழுவின் அளவையில், பால்வீதியின் நடுவிலிருந்து சுமார் 13,000 ஒளியாண்டுத் தொலைவில் 20 விழுக்காடாக இருந்த மறைவளிப் பங்கு, 33,000 ஒளியாண்டை நெருங்குகையில் 80 விழுக்காடாக ஏறுகிறது. வெளிப்புறத்தில் கார்பனும் தூசியும் குறைவு; நிழல் மெலிது; கரிவளி பிழைக்கும் இடம் சுருங்கிவிடுகிறது.

மகெல்லன் மேகங்கள் எனப்படும் இரு சிறு மண்டலங்களில் இது இன்னும் தீவிரம். பெரியது தென்னேரியில் உச்சமேறினாலும் தெற்குத் தொடுவானிலிருந்து ஏழெட்டுப் பாகைதான் எழும். சிறியதில் கனத் தனிமங்கள் சூரியனில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கே. அங்கே மூலக்கூறு வாயுவின் பெரும்பகுதி கரிவளி இல்லாமலே இருக்கிறது. இருந்தும் விண்மீன்கள் சுறுசுறுப்பாகப் பிறக்கின்றன. பேரண்டத்தின் தொடக்கக் காலத்து மண்டலங்களும் இவ்வாறே தனிமம் குறைந்தவை. அவற்றின் வாயுவைக் கரிவளி ஒன்றால் மட்டும் அளப்பது பெருந்தவறாகிவிடும். 158 மைக்ரோமீட்டர் கோடு நெடுந்தொலைவு பயணத்தில் நீண்டு, சிலியிலுள்ள அல்மா போன்ற தரைத் தொலைநோக்கிகளின் மில்லிமீட்டர் அலைகளில் வந்து விழுகிறது. மிகத் தொன்மையான மண்டலங்களை இன்று அந்தக் கோட்டில்தான் ஆய்வாளர் பெரிதும் தேடுகிறார்கள்.

‘புலனே புதிது’ என்றதன் கருத்து இது. ஓர் அளவுகோலைக் கையில் எடுப்பவர், அது எதைக் காட்டும் என்பதோடு எந்த நிலையில் காட்டாது என்பதையும் கற்க வேண்டும். கரிவளி ஏன் ஒளிர்கிறது என்ற இயற்பியலை அறிந்தவர்களே அது எங்கே ஒளிராது என்று முன்கூட்டிச் சொன்னார்கள். காமாப் படத்தில் மிஞ்சியதை அழித்துவிடாமல் வரைந்து பார்த்தவர்கள் அதைக் கண்டார்கள். பள்ளி ஆய்வகத்தில் அளவு பொருந்தாதபோது புத்தகத்து விடைக்கேற்பத் திருத்தி எழுதும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிக் கிடக்கிறது. பிள்ளைகளே, பொருந்தாத எண்ணை நோட்டில் அப்படியே எழுதுங்கள். எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கமாக மிஞ்சுகிறது என்றும் எழுதுங்கள். இன்னொரு வழியில் அளந்து அதே மிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், உங்கள் கணக்கில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது.